நீந்திக் கடந்த காலம் – 9: தவளை ஈன்ற பட்டாம்பூச்சி

1933 டிசம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் ஒரு கலப்பு நீச்சல் போட்டி நடந்தது. தவளை நீச்சல் அடிக்க வேண்டிய கட்டம் வந்ததும் ஹென்றி மையர்ஸ் என்ற வீரர் ஊர் வழக்கத்தை மீறினார். கைகளைத் தண்ணீருக்குள்ளேயே முன்னால் கொண்டுபோவதுதான் முறை. அவர் இரண்டு கைகளையும் ஒருசேர வெளியே தூக்கி, தோளோடு வீசி, முன்னால் கொண்டுபோய்த் தண்ணீரை அறைந்தார். கால்கள் மட்டும் பழையபடி தவளையாக உதைத்தன. பார்த்தவர்களுக்கு அது அப்பட்டமான அத்துமீறலாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவரை வெளியேற்ற விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அன்றைய விதி கேட்டதெல்லாம் கொஞ்சம்தான். உடல் குப்புற இருக்க வேண்டும், இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் முன்னால் போய் ஒரே நேரத்தில் பின்னால் வர வேண்டும், கால்கள் தவளைபோல மடங்கி விரிந்து சேர வேண்டும். முன்னால் போகும் கை தண்ணீருக்குள்ளே போக வேண்டுமா, மேலே போகலாமா என்று விதியை எழுதியவர்கள் சொல்லவில்லை. கையைத் தூக்கி வீச ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது வக்கீல்களின் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீச்சல் வீரர்கள் அதில் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

கடந்த சில வாரங்களாக க்ரால் நீச்சலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். சாலமன் தீவிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம், அங்கே அதைப் பற்றிக்கொண்ட காவில் குடும்பம், ஹொனலுலு துறைமுகத்தில் டியூக் கஹனமோகு, 100 மீட்டரில் ஒரு நிமிடத்தை உடைத்த வைஸ்முல்லர். அந்தக் கதை முழுவதிலும் சட்டம் குறுக்கே வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃப்ரீஸ்டைல் என்றால் எப்படி வேண்டுமானாலும் நீந்து என்று பொருள். வேகமானது எதுவோ அது தானே வென்று நின்றது. தவளை நீச்சலின் நிலைமை நேர் எதிர். அதைக் களத்தில் உயிரோடு வைத்திருப்பதே சட்டம்தான். விதியை இன்றைக்கு எடுத்துவிட்டால் நாளைக் காலையில் போட்டிக்குளங்களில் ஒரு தவளையும் இருக்காது.

காரணம் எளிது. தவளை நீச்சலில் கையை இழுக்கும்போது உடல் முன்னேறுகிறது. அதே கையைத் திரும்ப முன்னால் கொண்டுபோகும்போது எதிரே இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முழங்காலை மடக்கும்போது தொடை தண்ணீரில் தடுப்புபோல நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சம்பாதித்த வேகத்தில் பெரும்பங்கை அந்தச் சுற்றிலேயே தொலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு கால் முன்னால் வைத்து ஒரு கால் பின்னால் வைக்கும் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனால் இந்தக் கடனில் பாதி தீர்ந்துவிடும். மையர்ஸ் செய்தது அவ்வளவுதான்.

இத்தனை மந்தமான நீச்சலை ஏன் கட்டிக்காத்தார்கள்? ஐரோப்பாவுக்கு அதுதான் மரியாதையான நீச்சல். தலை வெளியே இருக்கும், மூச்சு முட்டாது, தண்ணீர் தெறிக்காது, வழியும் தெரியும். 1875 ஆகஸ்டில் கேப்டன் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தது இந்த நீச்சலில்தான். பழக்கத்தை விட மனம் வராமல் அதற்கென்று தனிப் போட்டி வைத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 440 கெஜமாக நுழைந்தது, 1908 லண்டனில் 200 மீட்டராக நிலைத்தது. அதே லண்டனில், அதே ஆண்டில்தான் எட்டு நாடுகள் கூடி ஃபினா என்ற உலக நீச்சல் சம்மேளனத்தைத் தொடங்கின. விதி எழுதும் வேலை அதன் தலையில் விழுந்தது.

மையர்ஸுக்கு முன்பே ஒருவர் கையை வெளியே எடுத்துப் பார்த்திருந்தார். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரைச் சேர்ந்த எரிக் ராடமாகர். 1920களில் தவளை நீச்சலின் பெரிய பெயர் அவர். 1927 வாக்கில், சுவரைத் தொடும் கடைசி வீச்சிலும் திரும்பும் இடத்திலும் மட்டும் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசத் தொடங்கினார். குளம் முழுக்க அப்படி நீந்தலாமே என்று அவர் துணியவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாமில் ஜப்பானின் யோஷியுகி சுருதா 2 நிமிடம் 48.8 விநாடியில் வந்து அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். ராடமாகர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மன் வாட்டர்போலோ அணியின் கோல்கீப்பரும் அவரே.

அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் பிலிப்பைன்ஸின் தியோஃபிலோ இல்டெஃபோன்சோ. தென்கிழக்காசியாவிலிருந்து தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மனிதர். 1932 லாஸ் ஏஞ்சலஸிலும் வெண்கலம் வாங்கினார். தொழில், ராணுவச் சிப்பாய். இரண்டாம் உலகப்போரில் பத்தான் முனை வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, 1942இல் காபாஸ் முகாமில் இறந்துபோனார். அவர் பெயரை இன்று அவருடைய நாட்டுக்கு வெளியே நினைப்பவர்கள் குறைவு. அது நியாயமில்லை என்று எனக்குப் படுவதால் இந்தப் பத்தி.

சிறகுபோலக் கைகளை மேலே வீசும் இந்தப் பட்டாம்பூச்சி நீச்சலுக்குத் தந்தை யார் என்பதில் வழக்கு உண்டு. காவில் சகோதரர்களில் ஒருவரான சிட்னி காவில், அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சியாளராக இருந்தவர், தாமே முதலில் இதை நீந்தியதாகச் சொல்லும் கட்சியும் இருக்கிறது. கைக்கு எத்தனை பேர் உரிமை கொண்டாடினாலும் காலுக்கான பெருமை அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே டேவிட் ஆம்புரஸ்டர் என்ற பயிற்சியாளர் மேல்வீச்சுக் கையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். 1935இல் அவருடைய மாணவர் ஜாக் சீக், இரண்டு கால்களையும் ஒட்டவைத்து மீன் வாலடிப்பதுபோல இடுப்பிலிருந்து அடித்து நீந்திக் காட்டினார். முதலில் ஒருக்களித்துச் செய்தார், பிறகு குப்புறக் கிடந்து செய்தார். ஒரு கைவீச்சுக்கு இரண்டு வாலடி என்று கணக்கு வைத்துக் கையையும் காலையும் சேர்த்தபோது, இன்று நாம் பார்க்கும் பட்டாம்பூச்சி நீச்சல் அந்தக் குளத்தில் முழுசாகப் பிறந்துவிட்டது.

பிறந்ததே தவிரப் போட்டிக்குப் போக முடியவில்லை. கை எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல மறந்த விதி, கால் விஷயத்தில் மறக்கவில்லை. தவளை உதைதான், மேலும் கீழும் அடிக்கக் கூடாது. ஆக அடுத்த பதினேழு ஆண்டுகளுக்குப் பட்டாம்பூச்சிக்கு மேலே சிறகும் கீழே தவளைக் காலுமாக ஒரு அரைகுறை உருவம்.

அந்த உருவத்தோடு நீந்துவது பெரிய தண்டனை. கை ஒரு தாளத்தில் போகும், கால் இன்னொரு தாளத்தில் போகும், இடுப்பு நடுவில் கிடந்து அல்லாடும். 200 மீட்டரும் அப்படி நீந்த அன்றைக்கு யாருக்கும் நுரையீரல் இல்லை. 1936 பெர்லினில் சிலர் கொஞ்ச தூரம் சிறகு, கொஞ்ச தூரம் தவளை என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். பிரேசிலின் மரியா லெங்க், ஒலிம்பிக்கில் மேல்வீச்சு நீந்திய முதல் பெண். பதக்கம் வரவில்லை, ஆனால் 1939இல் தவளை நீச்சலின் உலக சாதனைகள் அவர் கைக்கு வந்தன. 2007இல் தமது 92ஆம் வயதில் ரியோவின் ஃப்ளமெங்கோ குளத்தில் நீந்திக்கொண்டிருந்தபோது அவருக்கு மரணம் வந்தது.

பெர்லினில் தங்கம் பழைய நீச்சலுக்கே போனது. ஆண்களில் ஜப்பானின் தெத்சுவோ ஹமுரோ. பெண்களில் நடந்தது ஒரு தேசத்தையே வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்த பந்தயம். ஹிதேகோ மாஎஹாதா, நான்கு ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்திரேலியாவின் கிளேர் டென்னிஸிடம் 0.1 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டவர். இந்த முறை பக்கத்துத் தடத்து எதிராளி, சொந்த ஊர்க் கூட்டம் முழுக்கத் தன் பக்கம் இருந்த ஜெர்மன் பெண் மார்த்தா கெனங்கர். ஜப்பானில் அப்போது நள்ளிரவு. கடைசி 50 மீட்டரில் என்.எச்.கே. அறிவிப்பாளர் வர்ணனை சொல்வதையே கைவிட்டார். “மாஎஹாதா, விடாதே! மாஎஹாதா, விடாதே!” என்று இருபது தடவைக்கு மேல் கத்தினார். 3 நிமிடம் 3.6 விநாடி, வித்தியாசம் 0.6 விநாடி. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். ஒரு நல்ல வர்ணனையாளர் இப்படி நடுநிலை தவறலாமா என்று இன்றைய ஆட்கள் கேட்கலாம். அந்த ஒலிப்பதிவைக் கேட்ட எந்த ஜப்பானியரும் கேட்க மாட்டார்.

அதே ஒலிம்பிக்கை புடாபெஸ்டில் இன்னொரு வானொலியில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை கேட்டுக்கொண்டிருந்தாள். ஹங்கேரியின் ஃபெரென்ஸ் சிக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற செய்தி வந்ததும், தானும் ஒருநாள் ஒலிம்பிக்கில் ஜெயிப்பது என்று முடிவு செய்துகொண்டாள். பெயர் ஏவா செகேய். யூதக் குடும்பம். 1941இல் அந்த ஒரே காரணத்துக்காக அவளைக் கிளப் அணியிலிருந்து நீக்கினார்கள். 1944இல் ஹங்கேரிய நாஜிகள் யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்திச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தபோது, சுவிட்சர்லாந்தின் பாதுகாப்பில் இருந்த ஒரு வீட்டில் பலரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒளிந்திருந்தாள். தண்ணீர் இல்லாத அந்த நாட்களில், உடல் தளர்ந்துவிடக் கூடாதே என்று தினமும் காலையில் மாடிப்படிகளில் மேலும் கீழும் ஓடிப் பயிற்சி எடுத்தாள்.

போர் முடிந்து 1948இல் லண்டனில் ஒலிம்பிக் கூடியபோது ஆண்கள் தவளை நீச்சலில் தவளைகள் அருகிப்போயிருந்தன. அமெரிக்காவின் ஜோ வெர்டுர் மேல்வீச்சில் 2:39.3க்கு வந்து தங்கம் எடுத்தார். முதல் மூன்று இடமும் அமெரிக்காவுக்கே. இறுதிச்சுற்றில் பழைய முறையில் நீந்துவது கிட்டத்தட்ட அசட்டுத்தனம் என்றாகிவிட்டது. 1952 ஹெல்சிங்கியில் ஆஸ்திரேலியாவின் ஜான் டேவிஸ் அதே மேல்வீச்சில் 2:34.4. இந்த டேவிஸ் பிறகு அமெரிக்காவில் சட்டம் படித்து, அங்கேயே கூட்டரசு நீதிபதியானார். 1993இல் ராட்னி கிங்கை அடித்த லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்கள் மீதான வழக்கை விசாரித்தது அவர்தான். விதியின் ஓட்டையில் புகுந்து தங்கம் வென்றவர்களில் கடைசி ஆண், சட்டத்தின் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கடைசிப் பெண், ஏவா செகேய். ஹெல்சிங்கியில் ஹங்கேரியப் பெண்கள் ஐந்து நீச்சல் தங்கங்களில் நான்கை அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றில் 200 மீட்டர் தவளை நீச்சல் செகேயுடையது. கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசி 2:51.7. ஒன்பது வயதில் வானொலி முன்னால் எடுத்த முடிவுக்கும் அந்த நேரத்துக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள்.

ஃபினாவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. ஹெல்சிங்கியோடு பாகப்பிரிவினை முடிவானது. 1953 முதல் பட்டாம்பூச்சி தனி நீச்சல். தவளை நீச்சலில் கை வெளியே வரக் கூடாது. தனிக்குடித்தனம் போன பிள்ளைக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது: அயோவாவில் காத்துக்கிடந்த வாலடியை அனுமதித்தார்கள். ஹங்கேரியின் கியோர்கி தும்பெக் அதை முதலில் பிடித்துக்கொண்டு சாதனைகளாகப் பொழிந்தார். 1956 மெல்போர்னில் பட்டாம்பூச்சியின் முதல் ஒலிம்பிக். பெண்கள் 100 மீட்டரில் தங்கம், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தோடு போராடிய ஷெல்லி மான். ஆண்கள் 200 மீட்டரில் வில்லியம் யார்சிக், 2:19.3. டேவிஸின் தங்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கை ஏறக்குறைய அதே கை. காலை மாற்றியதில் 15 விநாடி குறைந்துவிட்டது. சீக்கின் கண்டுபிடிப்பைப் பதினேழு ஆண்டுகள் பூட்டிவைத்ததன் விலை அது.

பிள்ளை போன பிறகு தாய் வீடு அமைதியாக இருக்கும் என்று ஃபினா நினைத்திருந்தால், அந்த அமைதி மெல்போர்ன் வரைகூட நீடிக்கவில்லை. கை தண்ணீருக்கு வெளியே வரக் கூடாது, அவ்வளவுதானே? ஜப்பானியர் அதை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டார்கள். கையை மட்டுமல்ல, தலையையும் உடம்பையும்கூட வெளியே கொண்டுவருவதை விட்டுவிட்டார்கள். தண்ணீரின் மேற்பரப்பில் நீந்துபவன் அலையைக் கிளப்பி அதோடு மல்லுக்கட்டுகிறான். ஆழத்தில் போகிறவனுக்கு அந்தச் செலவு இல்லை. நம் ஊர்க் கிணற்றுப் பிள்ளைகளின் உள்நீச்சல், ஒலிம்பிக்குக்குப் போய்விட்டது.

மெல்போர்ன் இறுதிச்சுற்றில் மசாரு ஃபுருகாவா முதல் மூன்று நீளங்களிலும் நீளத்துக்கு ஐந்து மீட்டர் அளவே மேலே வந்தார். நாலாவது நீளத்தில் பாதியையும் அடியிலேயே கழித்தார். 2:34.7, தங்கம். சிறகு வெட்டப்பட்ட தவளை நீச்சல், டேவிஸ் சிறகோடு நீந்திய நேரத்துக்கு 0.3 விநாடி அருகில் வந்துவிட்டது. இன்னொரு ஜப்பானியர் மசாஹிரோ யோஷிமுரா வெள்ளி. பார்வையாளர்களுக்குத்தான் பாவம், வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் தவளை நீச்சலில் ஆறு பேர், திரும்பத் திரும்ப நெடுந்தூரம் மூழ்கி நீந்தியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். யார் மூழ்கினால் குற்றம், யார் மூழ்கினால் தங்கம் என்பதற்கு உறுதியான கோடு இல்லாத காலம்.

இதில் விளையாட்டைத் தாண்டிய ஆபத்தும் இருந்தது. மூச்சடக்கி முழு வேகத்தில் போகிறவனுக்கு ஆக்சிஜன் குறைவது தெரியாமலேயே நினைவு தப்பிவிடும். போட்டிக்கு நடுவில் வீரர்கள் மயங்கிய சம்பவங்கள் வந்த பிறகு ஃபினா கதவைச் சாத்தியது. குதித்த பிறகும் ஒவ்வொரு முறை சுவரிலிருந்து திரும்பிய பிறகும் நீருக்கடியில் ஒரே ஒரு முழு வீச்சு. அதற்குப் பிறகு தலை மேலே இருக்க வேண்டும். விளைவு 1960 ரோமில் தெரிந்தது. வென்ற அமெரிக்கர் வில்லியம் மல்லிகனின் நேரம் 2:37.4. நான்கு ஆண்டு கழித்து நீந்தியவர் ஃபுருகாவாவைவிட 2.7 விநாடி மெதுவாக வந்து தங்கம் வாங்கினார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் முன்னேற்றம் நேர்வழியில் வந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ‘டாக்’ கௌன்சில்மன், அகலமாக விரிந்த பழைய கால் உதையைக் குறுக்கிச் சவுக்குச் சொடுக்குபோல மாற்றினார். அவருடைய மாணவர் செட் ஜாஸ்ட்ரெம்ஸ்கி 1961இல் சாதனைகளை வரிசையாக உடைத்தார். 1987இல் ஒவ்வொரு சுற்றிலும் தலை நீருக்குள் போய் வரலாம் என்று விதி தளர்ந்தது. ஹங்கேரியரான யோசெஃப் நாகியின் அலைபாயும் பாணி அந்த இடைவெளியில் வளர்ந்தது. அவருடைய சீடர் மைக் பாரமன் 1992 பார்சிலோனாவில் 200 மீட்டரை 2:10.16இல் முடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி சுருங்கவில்லை. 100 மீட்டர் தவளை நீச்சலில் ஆடம் பீட்டி 2019இல் வைத்த சாதனை 56.88. பட்டாம்பூச்சியில் கேலப் டிரெசல் 2021இல் நீந்தியது 49.45.

அந்த ஏழு விநாடி இடைவெளிதான் கள்ளத்தனத்துக்குத் தூண்டில். 2004 ஏதென்ஸில் 100 மீட்டர் தவளை நீச்சலை ஜப்பானின் கோசுகே கிதாஜிமா 1:00.08இல் வென்றார்; அமெரிக்காவின் பிரெண்டன் ஹான்சன் 0.17 விநாடியில் இரண்டாவது. கிதாஜிமா குதித்ததும் நீருக்கடியில் ஒரு வாலடி அடித்தார், அது சட்டவிரோதம் என்று ஹான்சனின் அணித்தோழர் ஆரன் பியர்சோல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். நடுவர்கள் எதுவும் பார்க்கவில்லை, பதக்கம் மாறவில்லை. ஃபினா எடுத்த முடிவு வேடிக்கையானது: 2005இல், தொடக்கத்திலும் திரும்பும்போதும் ஒரே ஒரு வாலடி அடித்துக்கொள்ளலாம் என்று விதியையே மாற்றிவிட்டது. 1935இல் தாய் வீட்டில் அனுமதி மறுக்கப்பட்ட கால், எழுபது ஆண்டு கழித்து ஒரு உதைக்கு மட்டும் உள்ளே வந்தது.

ஒன்று கிடைத்தால் மூன்று கேட்பதுதானே வழக்கம். 2012 லண்டனில் தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டர் பர்க் 58.46 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். நீருக்கடிக் கேமரா மூன்று வாலடிகளைக் காட்டியது. அவர் மறுக்கவில்லை. எல்லோரும் செய்கிறார்கள், செய்யாதவன் பின்தங்கிப்போவான் என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். நடுவர்கள் அன்றைக்குக் கரையில் நின்று கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். கேமராப் படம் சாட்சியாக ஏற்கப்படவில்லை. தங்கம் அவரிடமே இருந்தது.

ஏதென்ஸில் குற்றம் சாட்டிய பியர்சோல், மல்லாந்த நீச்சலில் உலகச் சாம்பியன். அந்த நீச்சலிலும் நீருக்கடியில் ஒரு கலகம் நடந்திருக்கிறது. 1988 சியோலில் ஹார்வர்டில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்த டேவிட் பெர்காஃப் என்ற இளைஞர் மல்லாந்த நிலையில் மூழ்கி, கையை அசைக்காமல், வாலடியிலேயே சுமார் 35 மீட்டர் போய் மேலே வந்தார். பக்கத்துத் தடத்தில் ஜப்பானின் தாய்ச்சி சுசுகியும் அதே வித்தையோடு காத்திருந்தார். அடுத்த வாரம் அங்கே போவோம்.